மோட்லாக் லேசரைத் தடுமாறாமல் ஓட வைப்பது எப்படி: ஊட்டிக் குளிரில் ஒரு செசாம் லேசர்

பவர் மீட்டர் 700 மில்லிவாட்டில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. கற்றை நல்ல வட்டமாக இருக்கிறது. ஆசிலோஸ்கோப்பில் 12.5 நானோ விநாடிக்கு ஒன்றாகப் பல்ஸ்கள் வரிசை கட்டி நிற்கின்றன. "அக்கா, லாக் ஆயிடுச்சு" என்கிறான் என்னோடு வேலை செய்யும் தம்பி. நான் போய் ஸ்கோப்பின் நேர அளவைக் கட்டத்துக்கு 20 மைக்ரோ விநாடி என்று திருப்புகிறேன். இப்போது அதே பல்ஸ் வரிசை மலைத்தொடர் மாதிரி ஏறி இறங்குகிறது, நடுநடுவே தரையைத் தொட்டுவிட்டு மறுபடி எழும்புகிறது. லாக் ஆனது உண்மைதான், அதாவது லேசர் மோட்லாக் ஆகி, தொடர் ஒளிக்குப் பதில் சீரான இடைவெளியில் மிகக் குறுகிய பல்ஸ்களாக விடுகிறது. கூடவே க்யூ-ஸ்விட்சும் ஆகிக்கொண்டிருக்கிறது, அதாவது ஆற்றல் உள்ளே சேர்ந்து சேர்ந்து வெடிப்பு வெடிப்பாக வருகிறது, அதுதான் பிரச்சினை.

செசாம் (மெல்லிய ஒளியை விழுங்கி, பலமான ஒளியைத் திருப்பி அனுப்பும் குறைக்கடத்திக் கண்ணாடி) வைத்து முதல்முறை லேசர் கட்டுகிறவர்கள் எல்லாருமே இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். நின்றதும் கை தானாகக் கண்ணாடித் திருகுகளுக்குப் போகும், இதைக் கொஞ்சம் அதைக் கொஞ்சம் என்று திருகிப் பாதி நாள் போய்விடும். தயவுசெய்து திருகைத் தொடாதீர்கள், முதலில் ஒரு தாளை எடுத்து நாலு எண்களைப் பெருக்குங்கள். லேசர் நிலையாக ஓடுமா ஓடாதா என்பது பெரும்பாலும் அந்தப் பெருக்கலிலேயே தெரிந்துவிடும். மீதியை மலைக் குளிரும் ஈரமும் முடிவு செய்யும், அதற்கும் பின்னால் வருகிறேன்.

நான் சொல்வதெல்லாம் ஊட்டியில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில், 808 நானோமீட்டர் டயோடால் பம்ப் செய்து (ஒளியால் ஆற்றல் ஊட்டி), நியோடிமியம் கலந்த யிட்ரியம் வனடேட் படிகத்தை வைத்து, 1064 நானோமீட்டரில் ஓட்டும் லேசரைப் பற்றியது. வேறு படிகம் வைத்திருப்பவர்கள் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 1064 கண்ணுக்குத் தெரியவே தெரியாது, 808 மங்கிய சிவப்பாகத் தெரிவதால் சின்ன ஒளி என்று ஏமாற்றும். க்யூ-ஸ்விட்ச் ஆகும்போது சராசரி பவர் அப்படியே இருக்க, ஒவ்வொரு வெடிப்பிலும் உச்சம் பல மடங்கு எகிறும். இரண்டு அலைநீளத்துக்கும் பொருந்தும் கண்ணாடி போடாமல் யாரும் உள்ளே வரக்கூடாது, பார்க்க வந்த விருந்தாளியாக இருந்தாலும் சரி. மோதிரம், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றி வெளியே.

ஏன் குதிக்கிறது

பள்ளிக்கூட வேதியியலில் தெவிட்டிய கரைசல் என்று படித்திருப்போம். செசாமும் ஒரு தெவிட்டும் உறிஞ்சிதான். மைசூர்பாகில் முதல் துண்டு சரசரவென்று இறங்கும், நாலாவது துண்டில் கை தானாகத் தட்டைத் தள்ளும் இல்லையா, அதுபோல மெல்லிய ஒளி வந்தால் செசாம் கொஞ்சம் விழுங்கும், பலமான பல்ஸ் வந்தால் தெவிட்டிப்போய் மீதியைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே இருப்பது மிக எளிய அமைப்பு: காலியம் ஆர்செனைடும் அலுமினியம் ஆர்செனைடும் மாறி மாறி அடுக்கிய கண்ணாடி, அதன் மேல் சில நானோமீட்டர் தடிமனில் இண்டியம் காலியம் ஆர்செனைடு அடுக்கு. 1992-இல் பெல் ஆய்வகத்தில் உர்சுலா கெல்லர் இந்த வழியைக் காட்டிய பிறகுதான் திடநிலை லேசர்கள் எந்தத் தட்டலும் இல்லாமல் தானாக, குதிக்காமல் சீராக மோட்லாக் ஆக ஆரம்பித்தன. உங்கள் செசாம் லேசர் கண்ணாடியை விரலால் தட்டினால்தான் ஆரம்பிக்கிறது என்றால், வேறு எங்கோ கோளாறு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தெவிட்டலே ஆபத்தும். பல்ஸின் ஆற்றல் தற்செயலாகக் கொஞ்சம் கூடினால் செசாம் குறைவாக விழுங்கும், இழப்பு குறையும், அதனால் ஆற்றல் இன்னும் கூடும். அப்படியே விட்டால் ஓடிப்போய்விடும். அதைப் பிடித்து நிறுத்தும் பிரேக் படிகத்திடம் இருக்கிறது: ஆற்றல் கூடினால் படிகத்தில் பம்ப் சேர்த்து வைத்திருக்கும் ஆற்றல் சரக்கு காலியாகும், பெருக்கம் (ஒளியைப் பெருக்கும் திறன்) குறையும். ஆனால் வனடேட்டில் அந்தச் சரக்கு தங்கும் காலம் ஏறத்தாழ 100 மைக்ரோ விநாடி, பல்ஸ் சுற்றி வரும் காலமோ 12.5 நானோ விநாடி. அதாவது ஒரு பல்ஸ் ஆயிரக்கணக்கான சுற்று போன பிறகுதான் படிகத்துக்கு விஷயம் உறைக்கிறது. வேகமான முடுக்கி, மந்தமான பிரேக். எது ஜெயிக்கிறது என்பதைப் பொறுத்து லேசர் சீராக ஓடும் அல்லது குதிக்கும்.

வரலாற்றில் பார்த்தாலும் அப்படித்தான். 1965-இல் ரூபி லேசரில் சாயக் கரைசலை வைத்து முதன்முதலாகத் தானியங்கி மோட்லாக்கைக் காட்டியபோது வந்ததும் இந்தக் க்யூ-ஸ்விட்ச் கலந்த வெடிப்புகள்தான். சீராக ஓட என்ன நிபந்தனை என்பதை 1999-இல் சூரிச் குழு ஒரே வரியில் எழுதிக் கொடுத்தது. அந்த வரி இதுதான்:

கேவிட்டிக்குள் இருக்கும் பல்ஸ் ஆற்றலின் வர்க்கம் > படிகத்தின் தெவிட்டு ஆற்றல் × செசாமின் தெவிட்டு ஆற்றல் × மாடுலேஷன் ஆழம்.

கேவிட்டி என்பது கண்ணாடிகளுக்கு நடுவே ஒளி முன்னும் பின்னும் ஓடும் பாதை. தெவிட்டு ஆற்றல் என்பது தெவிட்ட வைக்கத் தேவையான ஆற்றலின் அளவு, மாடுலேஷன் ஆழம் என்பது தெவிட்டும்போது செசாமின் பிரதிபலிப்பு எவ்வளவு கூடுகிறது என்பது. அந்த வரியைப் பெரிய எழுத்தில் எழுதி லேசர் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறோம்.

தாளும் பேனாவும்

எங்கள் முதல் வடிவமைப்பை அப்படியே போட்டுக் காட்டுகிறேன்.

முதலில் படிகத்தின் உமிழ்வுக் குறுக்குப்பரப்பு, அதாவது ஒளியைப் பெருக்க ஓர் அயனி காட்டும் இலக்கின் பரப்பு. வனடேட்டுக்கு இது தாளுக்குத் தாள் வேறுபடும், 25 × 10⁻¹⁹ சதுர சென்டிமீட்டர் என்றும் இருக்கும், 11 × 10⁻¹⁹ என்றும் இருக்கும். நான் 11-ஐ எடுப்பேன். குறைந்த எண்ணை எடுத்தால் வரம்பு உயரமாக வரும், அதைத் தாண்டிவிட்டால் நிம்மதி. 1064 நானோமீட்டர் போட்டானின் ஆற்றல் 1.87 × 10⁻¹⁹ ஜூல். நேர்க் கேவிட்டியில் ஒரு சுற்றில் படிகத்தை இரண்டு தடவை கடப்பதால் 2-ஆல் வகுக்க வேண்டும். ஆக, 1.87-ஐ 22-ஆல் வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 85 மில்லிஜூல். படிகத்தில் கற்றையின் ஆரம் 200 மைக்ரோமீட்டர், பரப்பு 0.00126 சதுர சென்டிமீட்டர். படிகத்தின் தெவிட்டு ஆற்றல் 107 மைக்ரோஜூல்.

செசாமின் தாளில் தெவிட்டும் அளவு சதுர சென்டிமீட்டருக்கு 70 மைக்ரோஜூல் என்று போட்டிருந்தது. அதன் மேல் கற்றையின் ஆரம் 60 மைக்ரோமீட்டர், அதனால் 7.9 நானோஜூல். மாடுலேஷன் ஆழம் 1 சதவீதம்.

மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 92 நானோஜூல். 80 மெகாஹெர்ட்ஸில், அதாவது 1.87 மீட்டர் நீளக் கேவிட்டியில், உள்ளே 7.4 வாட் சுற்றினால்தான் சீராகும். எங்களிடம் 10 சதவீத அவுட்புட் கப்ளர் (உள்ளே சுற்றும் ஒளியில் அந்த அளவை வெளியே விடும் கண்ணாடி), வெளியே 700 மில்லிவாட், உள்ளே 7 வாட். வரம்புக்கு ஒரு முழம் கீழே உட்கார்ந்துகொண்டு இரண்டு வாரம் திருகுகளைத் திருகிக்கொண்டிருந்தோம். எந்தத் திருகாலும் அந்த ஒரு முழம் கிடைத்திருக்காது.

இந்தக் கணக்கில் இரண்டு இடங்களில் கால் வழுக்கும். ஒன்று, ஆரமா விட்டமா என்ற குழப்பம். கற்றை அளக்கும் கேமராக்கள் பெரும்பாலும் விட்டத்தைக் காட்டும், சமன்பாட்டில் ஆரம் வேண்டும், அதுவும் ஒளிச்செறிவு நடுவில் இருப்பதில் 13.5 சதவீதமாகக் குறையும் இடம்வரை எடுத்த ஆரம். மாற்றிப் போட்டால் பரப்பு நாலு மடங்கு தப்பும். இரண்டாவது, செசாம் தாளில் "உறிஞ்சல் 2 சதவீதம்" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், மாடுலேஷன் ஆழம் கீழே சின்னதாக 1.2 என்று இருக்கும். மீதி 0.8 எவ்வளவு ஒளி விழுந்தாலும் தெவிட்டாத வெறும் இழப்பு. சமன்பாட்டுக்குள் போக வேண்டியது 1.2 மட்டும்.

எதை மாற்றுவது

சுலபமானது அவுட்புட் கப்ளர். 10 சதவீதத்துக்குப் பதில் 5 சதவீதம் போட்டால் வெளியே வரும் பவர் அதிகம் மாறாது, உள்ளே சுற்றுவது ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஒரே கண்ணாடி மாற்றம், பத்து நிமிட வேலை. ஆனால் அந்த இரட்டிப்பு ஆற்றல் செசாம் மேலும் விழும் என்பதை மறக்கக் கூடாது, அதற்குக் கீழே வருகிறேன்.

கேவிட்டியை நீட்டலாம். அதே சராசரி பவருக்குப் பல்ஸ் எண்ணிக்கை குறைந்து ஒவ்வொன்றும் கொழுக்கும். மேசையில் இடம் வேண்டும், ஆட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் மென்மையாகிவிடும்.

எனக்குப் பிடித்தது படிகத்தில் கற்றையைச் சிறிதாக்குவது. 200-ஐ 150 ஆக்கினோம், பம்ப் புள்ளியையும் அதற்கேற்பச் சுருக்கினோம். தெவிட்டு ஆற்றல் 60 மைக்ரோஜூலுக்கு இறங்கியது, வரம்பு 92-இலிருந்து 69 நானோஜூலுக்கு வந்தது. விலையாக வெப்ப வில்லை (சூட்டால் படிகமே ஒரு வில்லைபோல ஒளியைக் குவிப்பது) பலமாகும். ஓவர் பம்ப் செய்தால் கற்றை கெடும், படிகம் விரிசல் விடவும் வாய்ப்புண்டு, அதனால் பம்ப் பவரை மெதுவாக ஏற்றிக் கற்றையின் வடிவத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

மாடுலேஷன் ஆழம் குறைந்த செசாம் வாங்குவது இன்னொன்று. 1-க்குப் பதில் 0.6 என்றால் வரம்பு 69-இலிருந்து 53 நானோஜூல் ஆகிறது. ரொம்பக் குறைத்தால் பல்ஸ் அகலமாகும், தானாக ஆரம்பிப்பதும் சோம்பலாகும்.

இப்போது செசாம் மேல் இருக்கும் புள்ளி. இதைத்தான் எல்லாரும் முதலில் நோண்டுவார்கள், ஏனென்றால் வளைவுக் கண்ணாடிக்கும் செசாமுக்கும் உள்ள தூரத்தைச் சில மில்லிமீட்டர் மாற்றினாலே புள்ளி மாறிவிடும். சிறிதாக்கினால் வரம்பு குறையும், சரி. ஆனால் சதுர சென்டிமீட்டருக்கு விழும் ஆற்றல் எகிறும். மேலே சொன்ன முதல் வடிவமைப்பில் வரம்பைத் தொடும்போதே செசாம் மேல் சதுர சென்டிமீட்டருக்கு 815 மைக்ரோஜூல் விழும், அதாவது தெவிட்டும் அளவைப் போல ஏறத்தாழ 12 மடங்கு. புள்ளியை 40 மைக்ரோமீட்டர் ஆக்கினால் வரம்பு 61 நானோஜூலுக்கு இறங்கும், ஆனால் மடங்கு 17 ஆகிவிடும். அவ்வளவு தெவிட்டிப்போன செசாமால் ஒரு கொழுத்த பல்ஸையும் இரண்டு சாதாரணப் பல்ஸ்களையும் பிரித்துப் பார்க்க முடியாது, பல்ஸ் இரண்டாக உடையும். இன்னும் போனால் சிப்பே கருகும். பெரிதாக்கினால் க்யூ-ஸ்விட்ச், சிறிதாக்கினால் இரட்டைப் பல்ஸ். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இந்தப் புள்ளிக்குத்தான் பொருந்தும். நான் 5 முதல் 10 மடங்குக்குள் நிற்கப் பார்ப்பேன். 150 மைக்ரோமீட்டர் படிகப் புள்ளி, 60 மைக்ரோமீட்டர் செசாம் புள்ளி, 0.6 சதவீத ஆழம் என்றால் வரம்பில் மடங்கு 7-க்குக் கீழே வருகிறது, வரம்பைத் தாண்டி மேலே போகவும் இடம் கிடைக்கிறது. நாங்கள் கடைசியில் போய் நின்றது அங்கேதான்.

புள்ளி அளவை ஊகிக்காதீர்கள். ரீசொனேட்டர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, கண்ணாடிகளையும் தூரங்களையும் கொடுத்தால் ஒவ்வொரு இடத்திலும் ஆரத்தைப் போட்டுக் காட்டும். வெப்ப வில்லையை ஒரு சாதாரண வில்லையாகப் படிகத்தின் இடத்தில் வைத்து, அதன் குவிய தூரத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். பம்ப் ஏறும்போது செசாம் புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

யிட்டர்பியம் படிகம் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு பயமுறுத்தும், ஏனென்றால் அதன் குறுக்குப்பரப்பு வனடேட்டைவிடப் பல மடங்கு சிறியது, தெவிட்டு ஆற்றல் அந்த அளவுக்குப் பெரியது. அங்கே கைகொடுப்பது சாலிட்டான் விளைவு. சிர்ப்டு கண்ணாடிகளாலோ பிரிசம் ஜோடியாலோ எதிர்மறை நிறப்பிரிகை (நீண்ட அலைநீளங்களை அதிகம் தாமதிக்க வைப்பது) கொடுத்தால், ஆற்றல் கூடும் பல்ஸின் நிறமாலை விரிந்து, படிகத்தின் பெருக்கம் குறைவான ஓரங்களுக்குப் போய்விடும், அதனால் தானே அடங்கும். மந்தமான பிரேக்குக்குப் பக்கத்தில் வேகமான இரண்டாவது பிரேக் மாட்டிய மாதிரி. வரம்பு இதனால் கணிசமாக இறங்கும்.

கட்டும்போது

செசாமை முதல் நாளே மாட்டாதீர்கள். அந்த இடத்தில் சாதாரண முழுப் பிரதிபலிப்புக் கண்ணாடியை வைத்து லேசரைத் தொடர் ஒளியாக ஓட்டுங்கள். பம்ப் பவருக்கு எதிராக வெளியீட்டுப் பவரைக் குறித்து வையுங்கள், கற்றை ஒற்றை மோடாக (ஒரே திட்டாக) இருக்கிறதா என்று கேமராவில் பாருங்கள். இரண்டாவது குறுக்கு மோடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் பிற்பாடு ஸ்பெக்ட்ரத்தில் அர்த்தமில்லாத முளைகளாக வந்து நிற்கும், நீங்கள் அதைச் செசாமின் தலையில் கட்டுவீர்கள்.

அப்புறம் செசாம். சிப்பை வெப்பம் கடத்தும் பசையில் செம்புத் தாங்கியில் ஒட்டி, நுண்திருகு மேடையில் ஏற்றுங்கள். முகத்தைத் துடைக்கவே கூடாது, தூசி விழுந்தால் உலர்ந்த நைட்ரஜனால் ஊதினால் போதும். பம்பை ஏற்றும்போது முதலில் தொடர் ஒளி, அப்புறம் க்யூ-ஸ்விட்ச் கலந்த குதிப்பு, கடைசியில் சீரான மோட்லாக் என்று மூன்று கட்டம் வரும். நடுக் கட்டத்தை வேகமாகக் கடந்துவிடுங்கள். அங்கே சராசரி பவர் குறைவுதானே என்று நின்று சீர் செய்யத் தோன்றும். நான் நின்றேன். அரை மணி நேரத்தில் பவர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, நுண்ணோக்கியில் பார்த்தால் சாம்பல் நிற முகத்தில் ஊசி முனையளவு கரும்புள்ளி. வெடிப்புகளின் உச்சம் செய்த வேலை. சிப் நாலைந்து மில்லிமீட்டர் அகலம் இருப்பதால் நூறு மைக்ரோமீட்டர் நகர்த்தினால் புதிய இடம் கிடைக்கும், ஆனால் கருகிய இடங்களை ஒரு வரைபடமாக நோட்டில் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் பழைய காயத்திலேயே மறுபடி போய் நிற்பீர்கள்.

திரும்பி வரும் ஒளி கணக்கில் வராத எதிரி. அவுட்புட் கப்ளரின் பின்முகம் ஆப்பு வடிவில் இருக்கட்டும், ஒளியை அளக்கும் ஃபோட்டோடயோடைக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள், பவர் மீட்டரின் தலையையும்தான். சோதிக்க எளிய வழி: வெளியே உள்ள கற்றைப் பாதையில் ஒவ்வொரு உறுப்பாக மறைத்துக்கொண்டே போங்கள், அளக்கும் டயோடுக்கு மட்டும் சின்னப் பிரிவு போகட்டும். எதை மறைத்ததும் குதிப்பு அடங்குகிறதோ அதுதான் குற்றவாளி. எங்கள் கூடத்தில் ஒரு மாதம் எங்களைச் சுற்ற வைத்தது செங்குத்தாக வைத்த ஒரு வடிகட்டிக் கண்ணாடி.

நிலையாக ஓடுகிறது என்று எப்போது சொல்லலாம்

ஸ்கோப்பில் நீண்ட நேர அளவில் பார்க்கச் சொன்னேன், அதிலும் ஒரு பொறி இருக்கிறது. நேர அளவை நீட்டினால் சில டிஜிட்டல் ஸ்கோப்கள் மாதிரி எடுக்கும் வேகத்தைக் குறைத்துவிடும், 80 மெகாஹெர்ட்ஸ் வரிசை அதில் மாட்டி இல்லாத அலைகளைக் காட்டும். ஸ்கோப்பில் இருக்கும் 20 மெகாஹெர்ட்ஸ் வடிகட்டியைப் போட்டுவிடுங்கள். தனித்தனிப் பல்ஸ்கள் கரைந்து அவற்றின் ஏற்ற இறக்கம் மட்டும் மிஞ்சும். அது தட்டையான கோடாக இருந்தால் நல்லது. ஃபோட்டோடயோடு மேல் விழும் ஒளியையும் குறைத்து வையுங்கள், அது தெவிட்டினால் குதிப்பையே மறைத்துவிடும்.

அதற்கு மேல் நம்பகமானது ரேடியோ அலைவரிசை ஸ்பெக்ட்ரம் அனலைசர். 80 மெகாஹெர்ட்ஸ் முகட்டை நடுவில் வைத்து ஒரு மெகாஹெர்ட்ஸ் அகலம் பாருங்கள். இரண்டு பக்கமும் பத்து முதல் சில நூறு கிலோஹெர்ட்ஸ் தள்ளி முளைகள் இருந்தால் அவை தளர்வு அலைவுகள் (படிகத்தின் சரக்கும் ஒளியும் மாறி மாறி ஏறி இறங்குவது), லேசர் வரம்புக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பொருள். முகட்டுக்கும் முளைக்கும் 60 டெசிபலுக்கு மேல் இடைவெளி இருந்தால் எனக்குத் திருப்தி. ஸ்கோப்பின் எஃப்எஃப்டி வசதி (அலையை அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டுவது) முதல் பார்வைக்கு உதவும், ஆனால் 8 பிட் ஸ்கோப்பில் 50 டெசிபல் அளவுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. பிறகு அகலத்தை ஒரு கிகாஹெர்ட்ஸ்வரை திறந்து விடுங்கள், 80-இன் மடங்குகளில் வரும் ஹார்மோனிக் முகடுகள் டயோடின் திறனுக்கேற்ப மெல்லச் சரியலாம், அலைபோல ஏறி இறங்கினால் இரண்டாவது பல்ஸ் ஒன்று எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த இரண்டாவது பல்ஸ் 20 பிகோ விநாடி தள்ளி இருந்தால் டயோடால் பிடிக்க முடியாது. ஆட்டோகோரிலேட்டரை (பல்ஸை வைத்தே பல்ஸின் அகலத்தை அளக்கும் கருவி) அதன் முழு வீச்சுக்கும் ஓட்டுங்கள், நடு முகட்டை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். நிறமாலையில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் வந்தாலும் அதே கதைதான். நிறமாலையின் மேல் ஊசி மாதிரி ஒற்றை முள் நின்றால் தொடர் ஒளி கசிகிறது.

எல்லாம் சரியாக இருந்தும் முளைகள் போகவில்லையா? பம்ப் டயோடுக்கு மின்னோட்டம் கொடுக்கும் டிரைவரைச் சந்தேகப்படுங்கள். ஸ்விட்சிங் சப்ளையின் சிற்றலை தளர்வு அலைவின் அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் விழுந்தால் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல லேசரை ஆட்டிக்கொண்டே இருக்கும். பம்ப் மின்னோட்டத்தைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள், முளை நகர்ந்தால் அது லேசருடையது, நகராமல் அதே இடத்தில் நின்றால் டிரைவருடையது.

மலை செய்யும் வேலை

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், சரிவு 11 டிகிரி. ஊட்டியின் அட்சரேகையும் 11 டிகிரி என்பதால் அந்தச் சரிவைத் தேடிப் பிடித்துக் கட்டினார்கள், 1970-இல் அது வேலைக்கு வந்தது. கருவிக்காக இடம் தேடினார்கள். லேசர் வைக்கிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது, கிடைத்த அறைக்கு ஏற்பத்தான் கருவியை மாற்ற வேண்டியிருக்கிறது.

முதல் விஷயம் பனித்துளி. கோவையிலோ சென்னையிலோ குளிர்சாதன அறை 24 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 13 டிகிரிக்குப் பக்கத்தில். லேசரைக் குளிர்விக்கும் சில்லரின் நீரை 15-இல் வைத்தால் பிழைத்துக்கொள்ளலாம். இங்கே ஜூலை மழையில் அறை 18 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம், பனிநிலை 16-க்கு மேல். அதே 15 டிகிரி நீர் படிகத் தாங்கியை வியர்க்க வைக்கும். கீழேயிருந்து கொண்டுவந்த அளவை மாற்றாமல் ஓட்டியதால் எங்களுக்கு நடந்ததும் அதுதான்: பவர் இறங்குகிறதே என்று டார்ச் அடித்துப் பார்த்தால் படிகத்தின் முகத்தில் யாரோ மூச்சு விட்ட மாதிரி வெண்படலம், செம்புத் தாங்கியின் ஓரத்தில் கடுகளவு நீர்முத்துகள். பம்பை உடனே அணைத்துவிட்டோம், படலம் காய்ந்த இடத்தில் பூச்சின் மேல் வட்டமாக ஒரு தடம் மட்டும் நின்றுவிட்டது.

அதனால் நூற்றைம்பது ரூபாய் சமாச்சாரமாக இருந்தாலும் ஈரப்பதமானியை மேசையிலேயே வையுங்கள், தினமும் பனிநிலையைப் பார்த்து நீரை அதைவிட 3 டிகிரியாவது மேலே நிறுத்துங்கள். நாங்கள் மழைக்காலத்தில் 21-இல் ஓட்டுகிறோம். பம்ப் டயோடின் அலைநீளம் டிகிரிக்கு 0.3 நானோமீட்டர் அளவுக்கு நகரும், அதனால் டயோடுக்கும் படிகத்துக்கும் ஒரே நீர் ஓடினால் 808 தப்பிவிடும். டயோடின் வெப்பநிலையைத் தனியாகக் கட்டுப்படுத்துங்கள், அல்லது புதிய வெப்பநிலையில் படிகம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று மறுபடி அளந்துவிடுங்கள்.

லேசரை அக்ரிலிக் பெட்டியால் மூடி உள்ளே சிலிக்கா ஜெல் வைப்பது இங்கே கட்டாயம். ஈரம் போனால் பூஞ்சை போகும், கண்ணாடி பூஞ்சை பிடிப்பது மலையில் கேமரா வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரிந்த துயரம். பெட்டியால் இன்னொரு லாபமும் உண்டு, காற்று அலைவது நிற்கும். கதவு திறந்தால் உள்ளே மூடுபனியே நடந்து வரும் ஊர் இது.

ஜனவரியில் இரவு உறைபனிக்குப் பக்கம் போய், மதியம் 20-ஐத் தொடும். மேசையும் தாங்கிகளும் விரிந்து சுருங்குவதால் காலையில் போட்டவுடன் கேவிட்டி தன் இடத்தில் இருக்காது. சிலர் அறை ஹீட்டரை மேசைப் பக்கம் திருப்பி வைப்பார்கள், அது இன்னும் மோசம், ஒரு பக்கம் மட்டும் சூடாகும். ஹீட்டரை மேசையிலிருந்து தள்ளி வைத்து, சில்லரை ஒரு மணி நேரம் முன்பே ஓடவிட்டு, டயோடைக் குறைந்த மின்னோட்டத்தில் சூடேற்றி, பிறகு ஒரே மூச்சில் வேலை அளவுக்கு ஏற்றுங்கள். அதற்கு முன் திருகைத் தொட்டால் மதியம் மறுபடி தொட வேண்டிவரும்.

2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைவு, மின்விசிறியால் குளிரும் டிரைவர்கள் இங்கே எதிர்பார்த்ததைவிடச் சூடாகும். அறை குளிர்கிறதே என்று அதை மூலையில் திணிக்காதீர்கள்.

மின்வெட்டு வரும். சில்லர், டயோடு டிரைவர் இரண்டும் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும், மின்சாரம் திரும்பும்போது டிரைவர் தானாக முழு மின்னோட்டத்துக்கு ஏறாதபடி பூட்டி வையுங்கள். ஏறும் வழியில் நடுக் கட்டம் இருக்கிறது, ஆளில்லாத அறையில் செசாம் அங்கே நின்றுவிட்டால் அவ்வளவுதான்.

நிலையாகிவிட்டது என்று தோன்றினால் ஓர் இரவு முழுக்க ஓடவிட்டு பவர், அறை வெப்பநிலை, ஈரப்பதம், 80 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்து முளையின் உயரம் நாலையும் நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு செய்யுங்கள். விடியற்காலை நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை என்ன நடந்தது என்று முதலில் பாருங்கள், அதுதான் இங்கே மிகக் குளிரான நேரம். எங்கள் லேசரில் முளை அந்த நேரத்தில் 12 டெசிபல் ஏறியது, செசாம் பக்கத்து வளைவுக் கண்ணாடியின் தாங்கியைத் தடித்ததாக மாற்றிய பிறகு 3 டெசிபலாக அடங்கியது.

அணைக்கும்போது டயோடை முதலில் இறக்குங்கள், சில்லர் பத்து நிமிடம் கழித்து நிற்கட்டும். பெட்டியை மூடுவதற்கு முன் சிலிக்கா ஜெல்லைப் பாருங்கள். நீலமாக இருந்தால் அப்படியே விடலாம், ரோஜா நிறமாகியிருந்தால் எடுத்துவிட்டு, காயவைத்த இன்னொரு பையை வைத்துவிட்டு மூடுங்கள்.